நாடாப்புழுவின் கணக்கில் நாம் இரை

“நாங்க சைவமாக்கும் அண்ணே. முட்டைகூட வீட்டுக்குள்ள கேறாது. பின்ன எப்பிடி எம் பிள்ளைக்குப் பன்னிப்புழு வரும்?”

பூதப்பாண்டியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் தங்கச்சி முறைப் பெண், ஸ்கேன் கவரைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கேட்டாள். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு வகுப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போதே வலது கை தானாக வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. பேனா கீழே விழுந்த அடுத்த நிமிடம் பிள்ளையும் பெஞ்சில் சரிந்துவிட்டாள். ஸ்கேனில் மூளையின் இடது பக்கம் ஒரே ஒரு சின்ன வளையம். அறிக்கையின் கடைசி வரியில் ‘நியூரோசிஸ்டிசெர்கோசிஸ்’ என்று போட்டிருந்தது. அதைப் பன்றிப்புழு என்று யாரோ அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அவள் முகத்தில் பயத்தைவிட அவமானம்தான் கூடுதலாகத் தெரிந்தது.

நான் டாக்டர் இல்லை. நாகர்கோவிலில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் இருபது வருடமாக நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருப்பவன். பார்த்ததில் பாதிக்கு மேல் மலம். அந்த அனுபவத்தில் அன்று திண்ணையில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

நாடாப்புழுவுக்குப் பெரும்பாலும் இரண்டு வீடு உண்டு. வளர்ந்த புழு ஒரு பிராணியின் குடலில் கிடக்கும். அதன் குஞ்சு, அதாவது லார்வா, வேறொரு பிராணியின் சதைக்குள்ளோ ஈரலுக்குள்ளோ சின்னப் பையாகச் சுருண்டு கிடக்கும். எது எங்கே என்பதற்கு ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது: தின்பவன் குடலில் புழு, தின்னப்படுவதன் சதையில் குஞ்சு. பூனைக்குள் புழு என்றால் எலிக்குள் குஞ்சு. நாய்க்குள் புழு என்றால் ஆட்டுக்குள் குஞ்சு. பூனை எலியைத் தின்னும்போது குஞ்சு புழுவாகிறது. பூனையின் மலத்தோடு முட்டை வெளியே வருகிறது, எலி அந்த முட்டையை விழுங்குகிறது, சக்கரம் சுற்றுகிறது.

குஞ்சு உள்ளே போனால் புழு வளரும், முட்டை உள்ளே போனால் குஞ்சு வளரும் என்று இதையே திருப்பிப் போட்டும் சொல்லலாம். வாய்க்குள் போனது எந்தப் பருவம் என்பதில்தான் முழு விஷயமும் நிற்கிறது.

இது தெரியாமல் உலகம் ரொம்ப நாள் குழம்பியிருக்கிறது. பன்றி இறைச்சியில் இருக்கும் வெள்ளைக் கட்டியை ஒரு தனி உயிரினம் என்றும், மனிதக் குடலில் இருக்கும் நாடாவை இன்னொரு உயிரினம் என்றும் நினைத்து இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். 1855-இல் ஃபிரீட்ரிச் கூக்கென்மைஸ்டர் என்ற ஜெர்மன் மருத்துவர், மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒரு கைதியின் சாப்பாட்டில் அந்தப் பன்றிக் கட்டிகளைக் கலந்து கொடுத்தார். தண்டனை நிறைவேறிய பிறகு உடலை அறுத்துப் பார்த்தபோது குடலில் சின்னஞ்சிறு நாடாப்புழுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த மனிதரிடம் சம்மதம் கேட்கவில்லை. இன்றைக்கு அப்படிச் செய்தால் மருத்துவரே கம்பி எண்ண வேண்டியதுதான். ஆனாலும் கட்டியும் நாடாவும் ஒரே ஜீவனின் இரண்டு வயது என்பது அப்படித்தான் உறுதியானது.

இப்போது தங்கச்சியின் கேள்விக்கு வருவோம். பன்றி நாடாப்புழுவுக்கு, டீனியா சோலியம் என்று பெயர், தின்பவன் மனிதன், தின்னப்படுவது பன்றி. சரியாக வேகாத பன்றிக்கறியைத் தின்றால் கறிக்குள் இருக்கும் குஞ்சு நம் குடலுக்குப் போய் இரண்டு, மூன்று மீட்டர் நாடாவாக வளரும். அருவருப்பான விஷயம்தான், ஆனால் பெரிய ஆபத்தில்லை. லேசான வயிற்றுவலியோடு போகும், பல பேருக்கு அதுகூட இராது. வெள்ளைத் துண்டுகள் மலத்தோடு வெளியே வரும், ஒவ்வொரு துண்டுக்குள்ளும் பல்லாயிரக்கணக்கில் முட்டை. மாத்திரை கொடுத்தால் போய்விடும். பன்றிக்கறி தின்றதால் மட்டும் மூளைக்குள் குஞ்சு போகாது.

மூளைக்குள் குஞ்சு வர வேண்டுமானால் முட்டையை விழுங்கியிருக்க வேண்டும். அந்த முட்டை பன்றியிடமிருந்து வருவதில்லை, குடலில் நாடாப்புழு வைத்திருக்கும் ஒரு மனிதனின் மலத்திலிருந்து வருகிறது. கக்கூஸ் போய்விட்டுச் சோப்புப் போடாமல் மாவு பிசைந்த கை, மலம் கலந்த தண்ணீர் பாய்ந்த தோட்டத்துக் கீரை, பச்சையாகத் தூவிய மல்லித்தழை, இப்படி எதிலும் வரலாம். முட்டை 0.03, 0.04 மில்லிமீட்டர்தான், கண்ணுக்கே தெரியாது. அது வயிற்றுக்குள் போய் உடைந்ததும் உள்ளிருக்கும் குஞ்சு ஆறு கொக்கியால் குடல் சுவரைத் துளைத்து இரத்தத்தில் ஏறி, தசை, கண், மூளை என்று எங்கே கொண்டுவிட்டாலும் அங்கே உட்கார்ந்துகொள்ளும். அந்த இடத்தில் நாம் பன்றியின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். புழுவின் கணக்கில் நாம் இரை. யாராவது வந்து நம்மைத் தின்பார்கள் என்று குஞ்சு காத்திருக்கிறது. யாரும் வரப்போவதில்லை என்பது அதற்குத் தெரியாது.

“அப்போ யாருக்க வயித்துப் புழுவோ எம் பிள்ளைக்க மண்டையில?” என்றாள். ஆமாம், அவ்வளவுதான். சைவமா அசைவமா என்பதற்கு இங்கே வேலையே இல்லை.

நியூயார்க்கில் பன்றியைத் தொடவே தொடாத பழமைவாத யூதக் குடும்பங்களில் நான்கு பேருக்கு இதே மூளை நோய் வந்ததை 1992-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அந்தப் புழு பரவலாக உள்ள லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்து அந்த வீடுகளில் வேலை செய்தவர்கள் மூலம் முட்டை வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. இதைப் படித்துவிட்டு நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவை யாரும் முறைத்துப் பார்க்க வேண்டாம். புழு இருப்பது இருக்கிறவருக்கே பெரும்பாலும் தெரியாது. அது உங்கள் மாமனாராகவும் இருக்கலாம், நேற்று கல்யாண வீட்டில் பந்தி பரிமாறியவராகவும் இருக்கலாம்.

முட்டைக்கோஸ் கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். “கோசுக்குள்ள ஒரு புழு இருக்காம், மூளைக்குப் போயிருமாம்” என்று வடசேரி சந்தையில் காய் பொறுக்கும்போதுகூடக் காதில் விழுகிறது. கோஸ் இலையில் நெளிவது அந்துப்பூச்சியின் புழு, அதற்கும் நாடாப்புழுவுக்கும் சொந்தபந்தம் கிடையாது. அழுக்குத் தண்ணீர் பட்ட கோசைப் பச்சையாகத் தின்றால் முட்டை ஒட்டிவர வாய்ப்பு உண்டு என்பது உண்மை. ஆனால் கேரட்டுக்கும் வெள்ளரிக்கும் அதே விதிதான். தேங்காய் போட்டு வதக்கிய துவரனில் எந்த முட்டையும் பிழைக்காது.

பன்றிக்கும் ஒரு வார்த்தை. மார்த்தாண்டம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மரச்சீனிக்கிழங்கோடு வரும் பன்றிக்கறியை நான் விரும்பிச் சாப்பிடுவேன். தேங்காய்க்கொத்தும் மிளகும் போட்டு அடுப்பில் மணிக்கணக்காகக் கிடந்து, எலும்பு கழன்று வரும் கறி அது. குஞ்சு சாவதற்கு 60, 65 டிகிரி சூடு போதும். நம் ஊர்ச் சமையலில் அதற்கு நீச்சல் தெரிந்தாலும் பிழைக்க வழியில்லை. துண்டுக்குள் இளஞ்சிவப்பாக விடுவதுதான் பிரச்சினை, அந்தப் பழக்கம் இங்கே கிடையாது.

இந்தக் குஞ்சை நேரில் ஒருமுறை பார்க்க வேண்டும். தசையிலிருந்து எடுத்ததை ஒரு கண்ணாடித் தட்டில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், வெந்த ஜவ்வரிசி ஒன்று பச்சைப் பட்டாணி அளவுக்கு ஊதினது போல இருக்கும். கண்ணாடி மாதிரித் தெளிவு. உள்ளே ஒரு ஓரத்தில் மட்டும் வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளிதான் தலை, சட்டைக் கையை உள்ளுக்குள் திருப்பிவிட்டது போல உட்புறமாகச் சுருண்டிருக்கும். இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே மெதுவாக அமுக்கி நுண்ணோக்கியில் வைத்தால் நான்கு உறிஞ்சு கிண்ணமும் அவற்றுக்கு நடுவே இரண்டு வரிசைக் கொக்கியும் தெரியும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு அருவருப்பு வரவில்லை. எவ்வளவு சுத்தமான வேலைப்பாடு என்றுதான் தோன்றியது.

உயிரோடு இருக்கும்வரை அந்தக் குஞ்சு பெரும்பாலும் சத்தமே போடாது. நம் உடம்பின் காவல்காரர்கள் கண்ணில் படாமல் மறைந்துகொள்ளும் வித்தை அதற்குத் தெரியும். வருடக்கணக்காக மூளைக்குள் இருந்தும் தலைவலிகூடத் தராமல் இருக்கலாம். ஒருநாள் அது மூப்படைந்து சாகத் தொடங்கும். வித்தை தளர்ந்து, பை கலங்கி, உள்ளிருப்பது கசியும். அப்போதுதான் உடம்பு “யாரடா இது” என்று விழித்துச் சண்டைக்குப் போகும். சுற்றிலும் வீக்கம், அந்த வீக்கம்தான் வலிப்பு. ஸ்கேனில் தெரிந்த வளையம் பெரும்பாலும் புழு தாக்குவதன் படம் அல்ல, புழு சாவதன் படம். பிறகு அது சுருங்கிக் காணாமல் போகலாம், அல்லது சுண்ணாம்புப் பொட்டாகக் கடைசிவரை தங்கலாம். அந்தப் பொட்டு சிலருக்குப் பின்னாலும் வலிப்பைக் கொண்டுவரும்.

முட்டை உள்ளே போவதற்கும் வலிப்பு வருவதற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு நீளம் என்பதை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் காட்டினார்கள். இந்தியாவில் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்து திரும்பியவர்களுக்குக் காரணமில்லாமல் வலிப்பு வந்தது. டிக்சன், லிப்ஸ்கோம் என்ற இரண்டு மருத்துவர்கள் 450 பேரின் கதையைத் தொகுத்து 1961-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்கு ஏழு வருடத்துக்குள் வந்திருந்தது, சிலருக்கு இருபது வருடம் தாண்டியும் வந்தது. எந்த ஊரில், எந்தக் கையால் பரிமாறியது என்று யார் கண்டுபிடிப்பது? தங்கச்சியும் பள்ளிக்கூடத்துப் பக்கத்துப் பெட்டிக்கடையை ஒரு வாரமாகத் திட்டிக்கொண்டிருந்தாள். பாவம் அந்தக் கடைக்காரர்.

நம் மாநிலத்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது. சி.டி. ஸ்கேன் வந்த புதிதில் வலிப்போடு வரும் இந்திய நோயாளிகளின் மூளையில் இந்த ஒற்றை வளையம் அடிக்கடி தெரிந்தது. காசநோய்க் கட்டி என்று நினைத்துப் பலருக்கும் மாதக்கணக்காகக் காசநோய் மருந்து கொடுத்தார்கள். சாண்டி, ராஜசேகர் முதலான வேலூர் மருத்துவர்கள் அந்தக் கட்டிகளை எடுத்துச் சோதித்து, அவற்றில் பெரும்பாலானவை சாகும் நாடாப்புழுக் குஞ்சுதான் என்று காட்டினார்கள். 1990-களுக்குப் பின் இந்தியா முழுக்க வைத்திய முறையே மாறியது.

அதனால் டாக்டர் முதலில் கொடுப்பது வலிப்பு மாத்திரை. புழுவைக் கொல்லும் அல்பெண்டசோல், வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு எல்லாம் கண்ணைச் சோதித்து, எத்தனை கட்டி, எங்கே என்று பார்த்த பிறகு அவர் முடிவு செய்வது. “பூச்சி மாத்திரைதானே” என்று மருந்துக்கடையில் நீங்களே வாங்கிப் போட்டுவிடாதீர்கள். பத்துக் கட்டி ஒரே நேரத்தில் செத்தால் மூளை வீங்கும், கண்ணுக்குள் ஒன்று செத்தால் பார்வையே போகலாம். பள்ளிக்கூடத்தில் குடற்புழு நீக்க நாளன்று கொடுக்கும் ஒற்றை மாத்திரை வேறு கணக்கு, அதைக் குழப்பிக்கொண்டு பயப்பட வேண்டாம்.

அடுத்தது நாய்ப்புழு. எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ். இங்கே தின்பவன் நாய், தின்னப்படுவது ஆடு. வளர்ந்த புழு ஒரு சீரகத்தின் நீளம்தான் இருக்கும், மொத்தமே மூன்று நான்கு துண்டு. நாடாப்புழுக்களில் குள்ளன். ஆனால் குஞ்சு பண்ணும் வேலை மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ஆட்டிறைச்சிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் ஈரலைத் தூக்கிப் பலகையில் போட்டார். அதில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு வெண்ணிறக் கொப்புளம். மனுஷன் நேர்மையானவர், அதை எனக்கு நிறுத்துப் போடவில்லை. கத்தி முனையால் வட்டமாகச் சீவி எடுத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்பக்கம் எறிந்தார். அங்கே காத்திருந்த செவலை நாய் அது தரையில் விழுவதற்குள் கவ்வியது. அந்தக் கொப்புளம் நாய்ப்புழுவின் கட்டியாக இருந்திருந்தால் ஒரு சக்கரம் என் கண் முன்னால் முழுதாகச் சுற்றி முடிந்தது என்று அர்த்தம். கட்டிக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான குஞ்சுத் தலைகள் நாயின் குடலில் புழுவாகும். சில வாரத்தில் முட்டை நாயின் மலத்தில் வரும், அதன் பிட்டத்து மயிரிலும் ஒட்டும். நாயைக் கொஞ்சிய கையைக் கழுவாமல் முறுக்கு எடுத்துத் தின்னும் பிள்ளை, இந்தக் கணக்கில் ஆடு. அந்த ஈரல் கட்டியை நாமே தெரியாமல் தின்றால்கூட நமக்கு இந்த நோய் வராது. குஞ்சு நம் குடலில் புழுவாக முடியாது, நாம் நாய் இல்லையே.

முட்டை உள்ளே போனால் பத்தில் ஏழு பேருக்கு ஈரலில்தான் கட்டி வளரும். அடுத்த இடம் நுரையீரல். வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டரோ சிலருக்கு அதற்கு மேலோ மெதுவாகப் பெருக்கும். வயிறு கனப்பதாக உணர்ந்து ஸ்கேன் எடுக்கும்போது தேங்காய் அளவில் நிற்கும். படிக்கும் காலத்தில் கண்ணாடி ஜாடியில் பார்த்த கட்டி இன்னும் கண்ணில் இருக்கிறது. அதன் உள்தோல் அப்படியே இளநீர்க் கருக்கின் வழுக்கை: அதே வெள்ளை, அதே வழவழப்பு, தொட்டால் அதே நடுக்கம். உள்ளே இளநீர் போலத் தெளிந்த நீர். அதற்குள் நுங்கு நுங்காகக் குட்டிக் கட்டிகள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கருக்கு குடிக்க எனக்கு மனசு வரவில்லை.

அந்த நீர்தான் விஷயமே. கட்டி உடைந்து நீர் வயிற்றுக்குள் சிந்தினால் இரண்டு ஆபத்து: இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகும் அளவுக்கு ஒவ்வாமை வரலாம், சிந்திய குஞ்சுத் தலை ஒவ்வொன்றும் புதுக் கட்டியாகலாம். அதனால்தான் ‘வெறும் நீர்க்கட்டிதானே’ என்று இதை ஊசியால் குத்திப் பார்க்க மாட்டார்கள். மருந்துக் காப்போடு, எல்லா ஏற்பாடும் செய்துகொண்டு நீரை உறிஞ்சிக் கொல்லியை ஏற்றும் முறை உண்டு, அறுவை சிகிச்சையும் உண்டு. செயலற்றுப்போன கட்டியைத் தொடாமல் கண்காணிப்பதும் உண்டு.

இதை ஒழிக்கலாம் என்பதற்கு ஐஸ்லாந்து சாட்சி. 1863-இல் ஹரால்ட் கிராபே என்ற டென்மார்க்காரர் அங்கே போய் நாய்களை அறுத்துப் பார்த்தார். நான்கில் ஒன்றுக்கும் மேல் இந்தப் புழு. நாய்க்குக் கட்டியைப் போடாதே, புதை அல்லது எரி என்று அவர் எழுதிய சின்னப் புத்தகம் வீடுவீடாகப் போனது. தலைநகர் ரெய்க்யவிக்கில் 1924-இல் நாய் வளர்க்கவே தடை போட்டார்கள், அறுபது வருடம் அது நீடித்தது. நம் ஊரில் அப்படி ஒரு சட்டம் போட்டால் நானே எதிர்த்து நிற்பேன், எங்கள் வீட்டிலும் ஒரு நாய் உண்டு. கடைக்காரர் அந்தக் கட்டியை நாய்க்கு எறியாமல் குழிக்குள் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

இன்னும் அபூர்வமானவை உண்டு. ஸ்பைரோமெட்ரா என்ற புழுவுக்கு இரண்டு வீடு போதாது, மூன்று வேண்டும். புழு பூனையிலும் நாயிலும், முதல் குஞ்சு குளத்து நீரில் துள்ளும் சைக்ளோப்ஸ் என்ற ஒற்றைக்கண் பூச்சியில், அடுத்தது தவளையிலும் பாம்பிலும். குளத்துத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தால் வெட்டி வெட்டி நீந்தும் வெள்ளைப் புள்ளிகள் தெரியுமே, அவற்றில் சிலது சைக்ளோப்ஸ். அதே பூச்சிதான் முன்காலத்தில் நரம்புச் சிலந்தி என்ற கினிப்புழுவையும் பரப்பியது. துணியால் வடிகட்டிக் குடிக்கச் சொல்லியே அதை ஒழித்தோம், 2000-இல் இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

ஸ்பைரோமெட்ரா குஞ்சு மனிதனுக்குள் வந்தால் பையாக உட்காராது, வெள்ளை நூல் மாதிரி ஊர்ந்துகொண்டே இருக்கும். 1882-இல் சீனாவில் ஒருவரின் சடலத்தை அறுத்தபோது பாட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் முதலில் இதைக் கண்டார். பச்சைத் தவளைச் சதையை நோவும் கண்ணில் வைத்துக் கட்டும் வைத்தியம் சீனாவிலும் வியட்நாமிலும் இருந்தது. தவளைக்குள் இருந்த குஞ்சுக்கு அது பாலம் போட்டது போல. இங்கிலாந்தில் ஒருவரின் மூளையில் நான்கு வருடத்தில் ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்த புழுவை எடுத்து, அதன் மரபணுவைப் படித்து 2014-இல் வெளியிட்டார்கள். எடுத்த புழுவின் நீளம் ஒரு சென்டிமீட்டர்தான். நம் ஊர்க் குளத்தில் முங்கிக் குளிப்பதில் தவறில்லை, அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம், அவ்வளவுதான்.

டீனியா மல்டிசெப்ஸ் என்று இன்னொரு நாய்ப்புழு இருக்கிறது. ஆட்டின் மூளையில் பல தலைக் குஞ்சாக வளர்ந்து, ஆட்டை ஒரே இடத்தில் வட்டம் சுற்ற வைக்கும். மனிதருக்கு வருவது மிக மிகக் குறைவு.

கடைசியாக ஒன்று, சூத்திரத்துக்கே அடங்காதது. ஹைமனோலெபிஸ் நானா என்ற குட்டி நாடாப்புழு பிள்ளைகளின் வயிற்றில் சாதாரணமாக இருக்கும். நான் பார்க்கும் மலத்தில்கூட அவ்வப்போது தலைகாட்டும். இதற்கு இரண்டாவது வீடே தேவையில்லை. முட்டை, குஞ்சு, புழு எல்லாம் ஒரே மனிதனுக்குள் நடந்துவிடும். 2013-இல் கொலம்பியாவில் எச்.ஐ.வி. தொற்றிய ஒருவரின் நுரையீரலிலும் நிணநீர்க் கட்டிகளிலும் புற்றுநோய் போலக் கட்டிகள். சோதித்தால் செல்கள் மனிதச் செல்களே இல்லை. இந்தப் புழுவின் செல்கள் புற்றாகி மனிதனுக்குள் பரவியிருந்தன. 2015-இல் அது வெளியானபோது எங்கள் கூடத்தில் இரண்டு நாள் வேறு பேச்சே இல்லை.

தங்கச்சி மகளுக்கு ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். வளையம் போய்விட்டது. வலிப்பு மாத்திரையை மட்டும் இன்னும் கொஞ்ச காலம் நிறுத்த வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டில் எல்லாரும் மலச்சோதனை செய்துகொண்டார்கள், சாம்பிள் என் மேஜைக்குத்தான் வந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. வாசலில் கை கழுவச் சோப்பு வைத்திருக்கிறாள், மல்லித்தழையை மூன்று தண்ணீரில் அலசுகிறாள், பெட்டிக்கடைக்காரரோடு பேச்சும் சரியாகிவிட்டது. நான் இவ்வளவு சொல்லியும், முட்டைக்கோஸ் மட்டும் இன்னும் அந்த வீட்டுக்குள் கேறவில்லை.